ரீல்ஸும் பெண்பிள்ளைகளின் உடல் தோற்றக் கவலையும்: 80 நிமிட வகுப்பில் என்ன செய்யலாம்?

#1 கரும்பலகை
வணக்கம். எங்கள் பள்ளியில் 9, 10ஆம் வகுப்பு மாணவிகளுக்காக அடுத்த மாதம் இரண்டு பீரியட் சேர்த்து 80 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்ஸ்டாகிராம், ஷார்ட்ஸ், ஸ்னாப்சாட் எல்லாம் பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பார்க்கும் பார்வையை என்ன செய்கின்றன என்பதுதான் பொருள். ஒரு வகுப்புக்கு 40 பேர். ப்ரொஜெக்டர் உண்டு. மறுநாள் பெற்றோர் கூட்டம்.

"அதெல்லாம் ஃபில்டர், நம்பாதீங்க" என்று சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. அதைப் பிள்ளைகளே நமக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு அதே ஃபில்டரைப் போட்டுக்கொள்வார்கள். உளவியல், கேமரா, தோல், உணவு என்று துறை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எது பலன் தரும், எது கெடுக்கும்? அனுபவக் கதைகள் வேண்டாம், செய்முறை வேண்டும்.

#2 அகவிளக்கு
டீச்சர், உங்கள் சந்தேகம் சரி. படம் திருத்தப்பட்டது என்று தெரிவது வேறு, அந்தப் படத்தோடு தன்னை ஒப்பிடாமல் இருப்பது வேறு. நெதர்லாந்தில் 14 முதல் 18 வயதுள்ள 144 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியான சோதனை இதற்கு நல்ல சான்று. திருத்திய இன்ஸ்டாகிராம் படங்களைப் பார்த்தவர்களுக்கு உடனேயே தங்கள் உடம்பின் மீது திருப்தி குறைந்தது. எதற்கெடுத்தாலும் பிறரோடு ஒப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அடி அதிகம். நிறமும் ஒளியும் மாற்றியதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். இடுப்பையும் காலையும் ஒடுக்கியிருந்ததைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை.

"இது திருத்திய படம்" என்று கீழே குறிப்பு போடும் சட்டம் பிரான்சில் 2017 முதலும், நார்வேயில் 2022 ஜூலை முதலும் விளம்பரங்களுக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட குறிப்புகளைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் பலன் இல்லை என்றே காட்டின. குறிப்பைப் படித்த பிறகும் கண் அதே இடுப்பைத்தான் பார்க்கிறது.

இன்னொன்று. "எத்தனை மணி நேரம் பார்க்கிறாய்?" என்று கேட்டு வகுப்பைத் தொடங்காதீர்கள். 2014இல் அமெரிக்க மாணவிகளிடம் ஃபேஸ்புக்கை வைத்துச் செய்த ஆய்வில், மொத்த நேரத்துக்கும் உடல் அதிருப்திக்கும் தொடர்பு தெரியவில்லை. படம் போடுவது, பிறர் படத்தைப் பார்ப்பது, கமென்ட் எழுதுவது ஆகியவற்றில் போன பங்குக்குத்தான் தொடர்பு தெரிந்தது. பாட்டு கேட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்பவளை விட, 30 செல்ஃபி எடுத்து 29ஐ அழித்து, மிச்சமான ஒன்றைத் திருத்திப் போட்டு, லைக் எண்ணிக்கொண்டு 40 நிமிடம் இருப்பவளைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். தன் உடம்புக்குள் இருந்துகொண்டு வாழாமல், வெளியே நின்று அதை வேவு பார்க்கப் பழகிவிடுகிறாள். உளவியலாளர்கள் ஃப்ரெட்ரிக்சன், ராபர்ட்ஸ் இருவரும் 1997இல் விளக்கியது இந்தப் பழக்கத்தைத்தான். அப்போது செல்ஃபி கேமராவே வரவில்லை.

#3 ஒளியளவு
கேமரா பக்கம் நான் சொல்கிறேன். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவது மூக்கின் குற்றம் இல்லை, தூரத்தின் குற்றம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஆழம் 12 செ.மீ. என்று வையுங்கள். ஃபோன் 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் மூக்கு 30இல், காது 42இல். 42ஐ 30ஆல் வகுத்தால் 1.4. அதாவது காதோடு ஒப்பிட, மூக்கு 1.4 மடங்கு பெரிதாக விழும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் 162ஐ 150ஆல் வகுக்க வேண்டும், 1.08தான். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 30 சதவீதம். 2018இல் அமெரிக்க முக அறுவை மருத்துவ இதழில் வந்த கணக்கும் ஏறக்குறைய இதே 30தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்களே கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

செய்முறை: ஒரு மாணவியை நிற்க வைத்து டேப்பால் அளந்து 30, 60, 150 செ.மீ. என மூன்று படம். மூன்றிலும் முகம் ஒரே அளவு வரும்படி வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பின்பக்கக் கேமரா, 1x மட்டும். 0.5x தொட்டாலே ஓரங்கள் இழுபடும்.

முகத்தைத் தானாகவே மெருகேற்றும் பியூட்டி மோடைப் பற்றியும் சொல்லுங்கள். பல ஃபோன்களில் முன்கேமராவைத் திறந்ததுமே அது ஓடிக்கொண்டிருக்கும், யாரும் ஆன் செய்யத் தேவையில்லை. மந்திரக்கோல் அல்லது முகம் வரைந்த ஐகானைத் தொட்டு எல்லா அளவையும் 0க்கு இழுக்க வேண்டும். மெட்டா நிறுவனம் 2025 ஜனவரி 14 முதல் வெளியார் செய்த ஃபில்டர்களை இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்துவிட்டது. அதனால் ஃபில்டர் ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். கேமராவுக்குள்ளேயும் தனி ஆப்களிலும் எல்லாம் அப்படியே இருக்கிறது.

"நான் ஃபோட்டோவுல நல்லாவே இருக்க மாட்டேன்" என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. தன் முகத்தை அவள் தினமும் கண்ணாடியில் இடவலம் மாறித்தான் பார்க்கிறாள். ஃபோட்டோவில் அது நேராக வரும்போது வகிடும் புருவமும் பக்கம் மாறி அந்நியமாகத் தெரிகிறது. 1977இலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். தனக்குக் கண்ணாடிப் பிம்பம் பிடிக்கிறது, தோழிக்கு நேர்ப் படம் பிடிக்கிறது.

#4 அகவிளக்கு
ஒளியளவு சார், கணக்கு அருமை. ஆனால் மாணவி முகத்தைத் திரையில் போடவே கூடாது. 39 பேர் ஒரு முகத்தின் மூக்கை 10 நிமிடம் பார்த்துப் பேசினால், அந்தப் பிள்ளைக்கு அது வருஷம் முழுக்கப் பட்டப்பெயராகிவிடும். வேறு ஏதாவது முகம் வேண்டும்.

#5 கரும்பலகை
கொலு பொம்மை வைக்கலாமா?

#6 ஒளியளவு
அகவிளக்கு சொல்வது சரி, நான் யோசிக்கவில்லை. மாற்றிக்கொள்கிறேன்.

கொலு பொம்மை சரிவராது டீச்சர். பொம்மை முகம் மனித முகத்தில் கால் பங்கு என்றால் தூரத்தையும் கால் பங்காக்க வேண்டும். 30க்கு 7.5 செ.மீ. அவ்வளவு கிட்டத்தில் பல ஃபோன்களில் ஃபோகஸ் ஆகாது. துணிக்கடையில் நிற்கும் ஆளுயரப் பொம்மையின் தலை கிடைத்தால் அதுவே போதும், மூக்கு எடுப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆசிரியர்களில் ஒருவர் முன்வரட்டும். ஜன்னல் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். வெளிச்சம் மாறினால் பிள்ளைகள் அதைத்தான் காரணம் என்பார்கள்.

#7 நிரல்மொழி
பரிந்துரை மென்பொருள் எப்படி ஓடுகிறது என்று ஐந்து நிமிடம் சொல்லுங்கள். லைக் போட்டால்தான் கணக்கு என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். எங்கே விரல் நின்றது, எத்தனை நொடி நின்றது, திரும்பப் பார்த்தாளா, தோழிக்கு அனுப்பினாளா எல்லாம் கணக்குதான். வயிற்றெரிச்சலோடு பார்த்தாலும் ஆசையோடு பார்த்தாலும் மென்பொருளுக்கு அது ஒரே 11 நொடி. "தொப்பை குறைய 7 நாள்" வீடியோவில் ஒரு தடவை நின்றால் அடுத்து அதே ஜாதியில் நாலு வரும்.

ஃபீடைச் சுத்தம் செய்யும் வழி: முதலில் இன்ஸ்டாகிராமின் அக்கவுன்ட்ஸ் சென்டரில் பிறந்த தேதியைப் பாருங்கள். பல பிள்ளைகள் 18க்கு மேல் என்று போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால், 18க்குக் கீழே உள்ளவர்களுக்கான டீன் அக்கவுன்ட் பாதுகாப்பு தானாக வரும் என்று நம்ப முடியாது. இந்தியாவில் அது 2025 பிப்ரவரியிலிருந்து வருகிறது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், 60 நிமிடத்தில் நினைவூட்டும், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது, 16க்குக் கீழே இருந்தால் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும்.

அடுத்து செட்டிங்ஸில் கன்டென்ட் ப்ரிஃபரன்சஸ். குறிப்பிட்ட சொற்களை மறைக்கும் இடம் அங்கே இருக்கிறது. இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள்: ஆங்கிலச் சொல்லை மட்டும் போடுவார்கள். "தொப்பை", "வெயிட் லாஸ்", "வெள்ளையாக", "கலராக" எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் முறையிலும், இரண்டு மூன்று ஸ்பெல்லிங்கிலும் போட வேண்டும். அதே பக்கத்தில் பரிந்துரைகளை ரீசெட் செய்யும் பொத்தானும் உண்டு. அழுத்தியபின் முதல் சில நாட்கள்தான் முக்கியம். அப்போது எதில் விரல் நிற்கிறதோ அதை வைத்துத்தான் ஃபீடு திரும்ப வளரும். கோலம், கைப்பந்து, வானியல், தையல், எதுவானாலும் சரி. உடம்பைப் புகழும் பக்கங்களைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அதுவும் உடம்பையே பேசுகிறது, பின்னாலேயே டயட் விளம்பரமும் வந்து நிற்கும்.

#8 வைகைத்தாய்
இவ்வளவு எதற்கு? பிளஸ் டூ முடிக்கும்வரை ஃபோனைக் கையில் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பெண்ணை இன்ஸ்டாகிராம் கெடுக்கிறது என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதே.

#9 அகவிளக்கு
வைகைத்தாய் அம்மா, அந்த எண்ணைப் பெற்றோர் கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள், அதனால் சரியாக வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் உள் ஆவணங்களில் இருந்த அந்த எண்ணை 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்க நாளிதழ் வெளியிட்டது. ஆவணங்களை வெளியே கொண்டுவந்த முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் அக்டோபரில் அமெரிக்க செனட்டில் சாட்சி சொன்னார். அந்த 32 சதவீதம் எல்லாப் பெண்களிலும் இல்லை. ஏற்கெனவே தன் உடம்பை நினைத்து வருந்திக்கொண்டிருந்த பெண்களில், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்றவர்கள். இதனால் நிறுவனத்தின் பொறுப்பு குறையாது. முதலில் யாரைக் கவனிக்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்கிறது: ஏற்கெனவே புண்பட்டிருக்கும் பிள்ளையை.

ஃபோனைக் கொடுக்காமல் இருப்பது 11, 12 வயதில் நல்ல முடிவு. 13 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்பது ஆப்பின் விதியும்கூட. ஆனால் 15 வயதில் கொடுத்ததைப் பிடுங்கினால் தோழியின் ஃபோனில் இரண்டாவது ஐடி திறக்கப்படும். அங்கே யாராவது அவள் படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டினாலும் வீட்டில் சொல்ல மாட்டாள். அளவைக் குறைப்பதற்குச் சோதனை ஆதாரம் இருக்கிறது. கனடாவில் 17 முதல் 25 வயதுள்ள 220 பேரில் பாதிப் பேர் மூன்று வாரம் ஒரு நாளைக்கு 60 நிமிடத்தோடு நிறுத்தினார்கள். தோற்றத்தையும் எடையையும் பற்றிய மனநிறைவு அவர்களுக்குக் கூடியது. 2023இல் வெளியானது. அதில் இருந்தவர்கள் உங்கள் மாணவிகளை விடப் பெரியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

#10 பொருநை
தோல் மருத்துவம். நம் ஊரில் இந்தப் பேச்சு இடுப்போடு நிற்காது, நிறத்துக்கு வந்தே தீரும். முகத்தை மழமழப்பாக்கும் பல ஃபில்டர்கள் கேட்காமலே நிறத்தையும் இரண்டு படி வெளுக்கின்றன. அடுத்த வாரம் பிள்ளை மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறாள்.

பெற்றோர் கூட்டத்தில் இதை எழுதிப் போடுங்கள். ட்யூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயினோடு சேர்ந்தும் வரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. முதலில் முகம் பளிச்சென்று ஆவதால்தான் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். பிறகு தோல் மெலியும், ரத்த நாளம் சிவப்புக் கோடாகத் தெரியும், பருக்கள் கொப்பளிக்கும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பல மடங்காகத் திரும்பும், பயந்து மறுபடி தடவுவாள். ஆகவே மாதக்கணக்கில் தடவியவள் தானாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் வரட்டும், படிப்படியாகக் குறைப்போம்.

இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்து விற்கும், தயாரிப்பாளர் முகவரியோ பேட்ச் எண்ணோ இல்லாத டப்பா க்ரீம் அதைவிட ஆபத்து. பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்த 22 பேரில், 15 பேருக்கு அரிதான ஒரு குறியீடு பாசிட்டிவ். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் தடவியவர்கள். க்ரீம் போடும் பிள்ளைக்குக் கால் வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை இரண்டும் இருந்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனை.

#11 தினைமாவு
உணவியல் பக்கம். "நான் ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறேன்" வகை ரீல்ஸில் 1200 கலோரி என்ற எண் அடிக்கடி வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரையில் 13–15 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 2400, 16–18க்கு 2500 கலோரி. அந்த ரீல் உங்கள் மாணவியைச் சரிபாதி பட்டினி போடச் சொல்கிறது. இரும்புச்சத்து 13–15க்கு 30 மி.கி. வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21இல் இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதில் சோற்றையும் பருப்பையும் வெட்டினால் மிஞ்சுவது தலைசுற்றலும் முடி உதிர்தலும். பிறகு முடிக்கு ஒரு ரீல் வரும்.

பூப்பெய்துவதற்குச் சற்று முன்னும் பின்னும் இடுப்பு, தொடை, மார்பில் கொழுப்பு சேர்வது வளர்ச்சி. அதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் ஏதோ தப்பாகிவிட்டது என்று பிள்ளை நினைக்கிறாள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பெரியவர்களின் பி.எம்.ஐ. அட்டவணையை 14 வயதுக்கு வைக்கக் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடம் 5–18 வயதுக்குத் தனியாக இருக்கிறது.

தயவுசெய்து இதை மட்டும் உடனே மாற்றுங்கள் டீச்சர்: மருத்துவ முகாமில் வரிசையில் நிற்க வைத்து எடையைச் சத்தமாகப் படிப்பது. எடை மெஷினில் எண் தெரியாதபடி முதுகு காட்டி நிற்கட்டும், திரை மறைவில், ஒருவர் மட்டும் குறித்துக்கொள்ளட்டும். கவனிக்க வேண்டியது இருந்தால் பெற்றோரிடம் தனியாகப் பேசலாம்.

#12 தெற்குவாசல்
எல்லாப் பழியையும் ஃபோன் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்ஸ்டாகிராம் வருவதற்கு முன்பே "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொன்னது நம் வீட்டுத் திண்ணைதான். ஃபிஜி தீவில் நாட்ரோகா பகுதிக்கு 1995இல் டிவி வந்தது. அப்போது பள்ளி மாணவிகளில் உணவுக் கோளாறுக்கான (எடைப் பயத்தில் சாப்பாட்டு முறையே நோயாவது) ஆபத்து மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதம். 1998இல் 29.2. எடை குறைக்க வாந்தி எடுப்பவர்கள் ஒருவரும் இல்லாத இடத்தில் 11.3 சதவீதம். நல்ல உடம்பு என்றால் திடமான உடம்பு என்று கொண்டாடிய ஊர் அது. நம் திண்ணையில் அந்தப் பாராட்டுகூட இல்லை. வீட்டை மாற்றாமல் ஃபீடை மாற்றி என்ன பயன்?

#13 அகவிளக்கு
வீடு, தோழிகள், ஊடகம் மூன்றும் ஒன்றையொன்று ஏற்றிவிடுபவை. அதனால் பெற்றோர் கூட்டத்தை வகுப்புக்கு இணையாக எடுத்துக்கொள்ளுங்கள். அறிவுரை தராமல் வாக்கியங்களைக் கொடுங்கள். கல்யாண வீட்டில் ஒருவர் "என்னடி இப்படிப் பெருத்துட்ட?" என்றால் அம்மா சொல்ல வேண்டியது: "வளர்ற வயசு அத்தை. உடம்பைப் பத்திப் பேச வேண்டாம், அவ கபடி டீம்ல சேர்ந்திருக்கா, அதைக் கேளுங்க." பிள்ளையின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். வீட்டில் வந்து தனியாகச் சமாதானம் சொன்னால் பாதி பலன் போயிற்று. "இளைச்சு அழகாயிட்ட" என்ற பாராட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பட்டினி கிடந்து இளைத்தவளுக்கு அது பரிசாகிவிடும். அம்மாவே கண்ணாடி முன் நின்று தன் வயிற்றைக் கிள்ளித் திட்டிக்கொள்வதும் மகளுக்குப் பாடம்தான். அப்பாக்களும் அண்ணன்களும் செய்யும் கேலிக்கும் இதே விதி.

#14 கரும்பலகை
மிகவும் நன்றி. வகுப்பைச் சொற்பொழிவு ஆக்காமல் எப்படி நடத்துவது?

#15 அகவிளக்கு
பேச வேண்டியவர்கள் பிள்ளைகள். உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் குழுவினர் உருவாக்கிப் பல நாடுகளில் சோதித்த முறையின் மையம் இதுதான்: அழகு இலட்சியத்துக்கு எதிரான வாதத்தைப் பெண்ணே தன் வாயால், தன் விருப்பத்தோடு சொன்னால் அவள் மனம் அதன் பக்கம் நகரும். நீங்கள் சொன்னால் நகராது. முழு வடிவம் ஒரு மணி நேர அமர்வுகள் நான்கு. உங்கள் 80 நிமிடத்தில் அதன் சாரம்தான் கிடைக்கும், முழுப் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

40 பேரை எட்டெட்டுப் பேராக ஐந்து குழு ஆக்குங்கள். தோழிக் கூட்டங்களைக் கலைத்துவிடுங்கள். முதல் 10 நிமிடம்: "ரீல்ஸ் சொல்லும் அழகான பெண்" எப்படி இருப்பாள் என்று பட்டியல் போடட்டும். வெள்ளை, ஒல்லி, ஆனால் இங்கே மட்டும் சதை, நீள முடி, ஆனால் கையில் முடி கூடாது. முரண்பாடுகளை அவர்களே கண்டு சிரிப்பார்கள், நீங்கள் சுட்டிக்காட்டாதீர்கள். 15 நிமிடம் ஒளியளவு சாரின் மூன்று படமும் வகுத்தல் கணக்கும். 20 நிமிடம்: அந்தப் பட்டியலைத் துரத்த ஒரு பெண்ணுக்கு ஆகும் செலவு என்ன? பணம், நேரம், தூக்கம், சாப்பாடு, தோழமை. லாபம் யாருக்கு? குழுவில் ஒருவர் எழுதட்டும். 20 நிமிடம்: ஆறாம் வகுப்புத் தங்கைக்கு ஒரு கடிதம், இதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. விரும்பினால் படிக்கலாம். கடைசி 15 நிமிடம் நிரல்மொழி சொன்ன ஃபீடு வேலை. ஃபோனைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாதென்றால் படிகளைத் துண்டுத்தாளில் கொடுங்கள்.

செய்யக் கூடாதவை சில உண்டு. "உன் உடம்பில் உனக்குப் பிடிக்காதது எது?" என்று எழுதச் சொல்லாதீர்கள். எலும்பும் தோலுமான நோயாளிப் படங்களைக் காட்டாதீர்கள். வாந்தி, பேதி மாத்திரை என்று வழிமுறைகளை விளக்காதீர்கள். எச்சரிக்கை என்று நீங்கள் நினைப்பது ஒரு பிள்ளைக்குச் செய்முறைக் குறிப்பாகிவிடும்.

#16 பொருநை
ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய உணவுக் கோளாறு அறிகுறிகளையும் சேர்க்கிறேன். சாப்பாட்டு டப்பா தொடாமல் திரும்புவது, சாப்பிட்ட உடன் ஒவ்வொரு நாளும் பாத்ரூம், விரல் முட்டியின் மேல் காய்ப்பு, வெயிலிலும் குளிர்கிறது என்பது, மாதவிடாய் தொடர்ந்து மூன்று முறை வராதது, பிரேயரில் மயங்குவது. விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனால் ஆலோசனைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனை. குண்டாக இருக்கும் பிள்ளைக்கு இது வராது என்று விட்டுவிடாதீர்கள், வேகமாக இளைத்திருந்தால் அதே ஆபத்துதான். பல வாரம் பட்டினி கிடந்தவளுக்கு வீட்டில் ஒரேயடியாக ஊட்டவும் கூடாது, ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம்.

#17 கரும்பலகை
துண்டுத்தாள் தயார் செய்கிறேன். பின்பக்கம் மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கு சைல்ட்லைன் 1098 இரண்டும் போடுகிறேன். துணிக்கடைப் பொம்மைக்குச் சொல்லியாயிற்று. கடிதங்களை வாங்கித் திருத்தலாமா, மதிப்பெண் கொடுத்தால் அக்கறையாக எழுதுவார்களா?

#18 அகவிளக்கு
வேண்டாம். மதிப்பெண் என்றால் உங்களுக்குப் பிடித்ததை எழுதுவார்கள். பெயர் இல்லாமல் எழுதி, விரும்புகிறவர்கள் மட்டும் பெட்டியில் போடட்டும். அன்றைக்கே நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிடுங்கள். கவலை தரும் கடிதம் இருந்தால் கையெழுத்தை வைத்து ஆளைத் தேடி எல்லார் முன்னாலும் கூப்பிட வேண்டாம். "பேச விரும்புகிறவர்கள் மதியம் நூலகத்துக்கு வரலாம்" என்று 40 பேரிடமும் பொதுவாகச் சொல்லி, ஒரு வாரம் தினமும் அங்கே உட்காருங்கள். கடிதத்தில் சாவைப் பற்றி இருந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது. அன்றைக்கே யாரென்று கண்டறிந்து, தனியாக அழைத்துப் பேசி, பெற்றோர் வரும்வரை உடன் இருங்கள்.